எட்டு அறைகளில் தமிழைக் குடிவைப்போம்!



சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கிராமங்களில், காலை ஆறு மணிக்குப் பால் சொசைட்டிக்குப் போயிருக்கிறீர்களா? தூக்குவாளியோடு ஆச்சிகளும் தாத்தாக்களும் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பால் எடுத்து, ஒரு சின்னக் கருவியில் வைத்துச் சோதிப்பார்கள். சற்று நேரத்தில் கருவியின் முகத்தில் இருக்கும் சிறு கண்ணாடித் திரையில் 'ஃபேட்' என்று ஆங்கிலத்தில் வரும். பக்கத்தில் ஓர் எண். 'ஃபேட்' என்றால் கொழுப்பு. அதையும், கொழுப்பு தவிர மற்ற சத்துகளையும் வைத்துத்தான் அன்றைய பாலுக்கு விலை!

ஒருநாள் என் முன்னால் நின்ற ஆச்சி, பக்கத்திலிருந்த பையனிடம், ''ஏ ராசா, என்ன போட்டிருக்கு?'' என்று கேட்டார். அந்த ஆச்சிக்கு எண்கள் நன்றாகத் தெரியும். தமிழும் எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஆனால், திரையில் நான்கைந்து எண்கள் மாறி மாறி ஓடுகின்றன. எது கொழுப்பு, எது தண்ணீர், எது விலை என்று ஆங்கிலம் தெரியாமல் எப்படிப் பிரிப்பது? அவர் வளர்த்த மாடு, அவர் கறந்த பால், அவருக்கு வர வேண்டிய காசு. அதைப் படித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டியிருக்கிறது!

'அந்தத் திரைக்குத் தமிழ் வராதா?' என்று நான் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன். ''அது சின்ன டிஸ்பிளே சார்... அதிலெல்லாம் தமிழ் வராது'' என்றார்.

வரும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதுவும், அதை வரவழைக்கக் கூடியவர்கள் நீங்கள்தான் என்று சொல்லப் போகிறேன். ஏழாம் வகுப்பில் படிக்கிறவருக்குக் கூட்டல் தெரியும் அல்லவா? அது போதும்.

முதலில் அந்தத் திரையைப் பார்ப்போம். அதற்குப் பெயர் எல்.சி.டி., அதாவது திரவப் படிகத் திரை. திரவம் மாதிரி ஓடும், படிகம் மாதிரி வரிசையாகவும் நிற்கும் விசித்திரமான பொருள் அதற்குள் இருக்கிறது. 1888ல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த தாவரவியல் அறிஞர் ஃபிரெட்ரிக் ரெய்னிட்சர் இதை முதலில் கவனித்தார். எதை ஆராய்ந்தபோது தெரியுமா? கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளை! சாம்பாரில் ஒதுக்கி வைக்கிறோமே, அதே கேரட்தான். இந்தப் படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அதன் வரிசை மாறும். அதனால் அந்த இடத்தில் வெளிச்சம் தடைபட்டு, ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

பால் சோதனைக் கருவி, இன்வெர்ட்டர், பள்ளி அறிவியல் கண்காட்சி மாடல் என்று பல இடங்களில் இருப்பது இரண்டு வரித் திரை. வரிக்கு 16 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அகலத்தில் 5, உயரத்தில் 8 என்று 40 புள்ளிகள். எந்தப் புள்ளி கறுக்க வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று சொல்வது பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு சிப். ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எச்.டி.44780 என்ற சிப்தான் இதில் பிரபலம். இன்று யார் யாரோ தயாரிக்கிறார்கள். ஆனாலும், பெரும்பாலானவை அந்தப் பழைய சிப் பேசிய பாஷையைத்தான் பேசுகின்றன.

அந்தச் சிப்புக்குள் ஒரு 'அச்சடித்த புத்தகம்' உண்டு. அதில் ஆங்கில எழுத்துகளின் புள்ளி வடிவங்கள் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருக்கும். ஜப்பானியர்கள் தங்களையும் மறக்கவில்லை. பரவலாகக் கிடைக்கும் வகையில் ஜப்பானின் 'கத்தகானா' எழுத்துகள் இருக்கின்றன. யென் நாணயக் குறி இருக்கிறது. ஆயிரம், பத்தாயிரம், யென் என்பதற்கான மூன்று சித்திர எழுத்துகள்கூட உள்ளன! அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டுப் பெட்டியில் அவர்கள் எழுத்தை வைத்தார்கள். நாமும் அதைச் செய்யலாமே என்பதுதான் என் பேச்சு.

ஏனென்றால், அந்தச் சிப்பில் எழுதாத பக்கமும் கொஞ்சம் இருக்கிறது!

மொத்தம் எட்டு அறைகள். ஓர் அறைக்கு ஓர் எழுத்து. நீங்கள் எந்தப் படத்தை அனுப்புகிறீர்களோ, அதை அப்படியே அந்த அறையில் வைத்துக்கொள்ளும். தமிழா, மலையாளமா, பூனைக்குட்டிப் படமா என்று கேட்காது. கரண்ட் போனால் மட்டும் எல்லாவற்றையும் மறந்துவிடும். பரவாயில்லை. கரண்ட் வந்ததும் கருவிக்குள் இருக்கும் புரோகிராம் மறுபடி சொல்லிக் கொடுத்துவிடும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது.

எப்படிச் சொல்லிக் கொடுப்பது? கணக்கு நோட்டை எடுங்கள். ஐந்து கட்டம் அகலம், எட்டுக் கட்டம் உயரத்துக்கு ஒரு பெட்டி போடுங்கள். மேலே, இடமிருந்து வலமாக 16, 8, 4, 2, 1 என்று எழுதுங்கள். இப்போது 'ப' வரையுங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து ஆறு கட்டங்கள், வலது ஓரத்தில் ஆறு கட்டங்கள், ஏழாவது வரிசை முழுவதும். இவற்றைப் பென்சிலால் கறுப்பாக்குங்கள்.

முதல் வரிசையில் எவை கறுப்பு? 16ம், 1ம். கூட்டினால் 17. இப்படியே ஆறு வரிசையும் 17. ஏழாவது வரிசையில் ஐந்தும் கறுப்பு. 16, 8, 4, 2, 1 எல்லாவற்றையும் கூட்டினால் 31. எட்டாவது வரிசை காலி, அதாவது 0. ஆக, சிப்புக்கு 'ப' என்பது 17, 17, 17, 17, 17, 17, 31, 0. இந்த எட்டு எண்களை அனுப்பினால், திரையில் 'ப' வந்து நிற்கும்!

'ட' இன்னும் சுலபம். ஆறு வரிசைக்கு 16, பிறகு 31, கடைசியில் 0. 'ம்' கொஞ்சம் யோசிக்க வேண்டும். உச்சியில் புள்ளி வைக்க வேண்டுமே... 4, 0, 23, 21, 21, 21, 31, 0 என்று போட்டுப் பாருங்கள். மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் 'படம்'. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே சிறு இடைவெளி இருப்பதால், எழுத்துகள் ஒட்டிக்கொள்ளாது.

'இது கோலம் மாதிரி இருக்கே' என்று சில தங்கைகள் சொல்லக்கூடும். எனக்கென்னவோ தறி மாதிரிதான் தோன்றுகிறது. கோலத்தில் புள்ளியைச் சுற்றிக் கோடு போகும். இங்கே கோடே கிடையாது. புள்ளியேதான் எழுத்து. சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியும். புடவை பார்டரில் ஒரு மாங்காய் வர வேண்டுமென்றால், முதலில் கட்டத் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி டிசைன் போடுவார்கள். நிரப்பிய கட்டம் என்றால் பாவு நூல் மேலே, வெறும் கட்டம் என்றால் கீழே. ஜக்கார்டு தறியில் அதையே அட்டையில் துளையாகப் போடுவார்கள். துளை உண்டு, துளை இல்லை. இரண்டே பதில்தான். பிரான்சில் 1800களின் தொடக்கத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு கொண்டுவந்த அந்த அட்டையைப் பார்த்துத்தான், பிற்காலக் கணிப்பொறிக்காரர்கள் துளையட்டை யோசனையைப் பிடித்தார்கள். ஆகவே டிசைன் அட்டை அடிக்கும் மாமா ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அவரிடம் இந்த 'ப' கணக்கைக் காட்டுங்கள். ஒரே நிமிடத்தில் அவருக்குப் புரிந்துவிடும். உங்கள் சயின்ஸ் புத்தகத்தைவிட அவர் நன்றாகவே விளக்குவார்!

சரி, எட்டு அறைகள்தானே இருக்கின்றன, தமிழில் 247 எழுத்துகள் ஆச்சே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் அதையே கேட்டுக்கொண்டு, நம் ஊர்ப் பெயரையே எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன்.

சங்கரன்கோவில்.

ச, ங், க, ர, ன். இதுவரை ஐந்து அறைகள். அடுத்தது 'கோ'. இதற்கு முன்னால் இரட்டைச் சுழிக் கொம்பு, நடுவில் 'க', பின்னால் கால். 'க' ஏற்கெனவே ஓர் அறையில் இருக்கிறது. அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடலாம், இன்னோர் அறை வேண்டாம். கொம்பு ஆறு, கால் ஏழு, 'வி' எட்டு, 'ல்' ஒன்பது...

ஒன்பது! இருப்பதோ எட்டு. ஓர் எழுத்துக்கு வீடு இல்லை.

அரைமணி நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'சங்கரன்கோயில்' என்று எழுதினால் தப்பிக்கலாமா என்று பார்த்தேன். ஊஹும், 'வி' போய் 'யி' வந்தது, எண்ணிக்கை மாறவில்லை. அப்புறம்தான் கண்ணில் பட்டது. 'ர'வையும் 'கோ'வின் காலையும் பாருங்கள். மேலே ஒரு கோடு, இரண்டு பக்கமும் இறங்கும் இரண்டு கோடு. 'ர'வுக்குக் கீழே ஒரு சின்ன வால் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். ஐந்து புள்ளி அகலத்தில் அந்த வாலைப் போட்டாலும் சரியாகத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே வடிவம் போதும்! பழைய ஓலைச்சுவடிகளில் காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், இடத்தைப் பார்த்துத்தான் படிப்பார்கள். அதே உத்தியை நான் களவாடிக்கொண்டேன்.

எட்டு அறைகள், எட்டு வடிவங்கள். திரையில் பத்துக் கட்டங்களில் 'சங்கரன்கோவில்' கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரே உருவத்தில் சிவனும் திருமாலும் நிற்கும் சங்கரநாராயணர் ஊர் அல்லவா? ஓர் அறையில் 'ர'வும் காலும் குடியிருந்தால் என்ன குறைந்துவிடும்!

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. திரைக்கு 247 எழுத்துகளும் ஒரே நேரத்தில் தேவையில்லை. கண் முன்னால் நிற்கும் சொல்லுக்கு என்ன வேண்டுமோ, அது போதும். அடுத்த சொல் வரும்போது, பழையவரை வெளியே அனுப்பிவிட்டுப் புதியவரைக் குடிவைக்கலாம். 'நல்வரவு'க்கு ஐந்து அறை. 'வணக்கம்' எழுத ஆறு. அதில் 'ண' மட்டும் கொஞ்சம் பெரிய மனிதர். மூன்று கால் நீட்டி உட்காருவார். ஐந்து புள்ளிக்குள் அடங்கவே மாட்டார். பக்கத்துக் கட்டத்தையும் அவருக்கே கொடுத்துவிட வேண்டியதுதான்.

நல்லவேளை, 'ணை' எழுதும்போது யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு போடும் வழக்கம் இப்போது இல்லை. உங்கள் தாத்தாவின் பழைய புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். பெரியார் 1935லேயே தன் பத்திரிகையில் எளிய வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார். தமிழக அரசு 1978ல் அவற்றை ஏற்றுக்கொண்டது. தும்பிக்கை இருந்திருந்தால் அதற்கென்று தனி அறை கேட்டிருக்கும்! அதற்கும் முன்னால், 18ம் நூற்றாண்டில் வீரமாமுனிவர், 'கெ'யும் 'கே'யும் ஒரே மாதிரி எழுதப்பட்டுக் குழப்பம் தந்ததைப் பார்த்து, நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு கொடுத்தார். ஆக, எழுத்து என்பது கல்லில் வெட்டியது அல்ல. ஓலைக்கு ஒரு மாதிரி, அச்சுக்கு ஒரு மாதிரி என்று அது இடத்துக்குத் தகுந்தபடி சட்டை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. ஐந்துக்கு எட்டுச் சட்டையை மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

சட்டை தானாக மாறாது. யாராவது உட்கார்ந்து தைக்க வேண்டும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களில் உட்கார்ந்தார். கணினியில் தமிழ் எழுத 'முரசு' என்ற மென்பொருளை உருவாக்கினார். 2005ல் கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப 'செல்லினம்' வந்தது. அந்தக் கால கைப்பேசித் திரை எவ்வளவு சின்னது என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். அதிலும் முதலில், 'தமிழெல்லாம் வராது' என்றுதான் பலர் சொல்லியிருப்பார்கள். இன்று உங்கள் வீட்டுப் பாட்டி வாட்ஸ்அப்பில் தமிழிலேயே 'காலை வணக்கம்' அனுப்பித் தொல்லை கொடுக்கிறார்!

'அதான் ஃபோனில் தமிழ் வந்துவிட்டதே, இந்தப் பழைய புள்ளித் திரையைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்?' என்று சில அண்ணன்கள் கேட்கலாம். பெரிய, விலை கூடிய திரைகளில் எந்தப் படத்தையும் காட்டலாம். உண்மைதான். கையில் காசு இருந்தால் அதையே வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால், மலிவான கருவியில் மலிவான திரைதான் இருக்கும். அந்த மலிவான கருவியின் முன்னால்தான் நம் ஆச்சி நிற்கிறார். ஆங்கிலம் தெரிந்தவர்கள் பெரிய திரை பார்க்கிறார்கள். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு, ஆங்கிலம் மட்டுமே தெரிந்த திரை! இந்தத் தலைகீழ் நியாயம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆங்கிலத்தை அழிக்கச் சொல்வதாக நினைக்காதீர்கள். திரையில் இரண்டு வரி இருக்கிறதே! மெக்கானிக்குக்கு மேல் வரி, ஆச்சிக்குக் கீழ் வரி.

கீழ் வரியில் என்ன போடலாம் என்று கணக்குப் பார்த்தேன். 'கொழுப்பு'. கொம்பு, க, கால், ழு, ப், பு. ஆறு அறை. 'ழு' சிக்கலான ஆசாமி, அவருக்கு இரண்டு கட்டம் கொடுத்தாலும் ஏழு. இன்னும் ஓர் அறை மிச்சம்! அதில் யாரை வைக்கலாம்?

நம் ரூபாய்க் குறியை வைக்கலாம். தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வரைந்த அந்தக் குறியை இந்திய அரசு 2010ல் ஏற்றுக்கொண்டது. சிப்போ அதற்கு வெகுகாலம் முந்தியது. அதனால்தான் அந்தப் புத்தகத்தில் யென் இருக்கிறது, ரூபாய் இல்லை. நாமே வரைய வேண்டியதுதான். 31, 2, 31, 2, 28, 8, 4, 2. கணக்கு நோட்டில் கட்டம் போட்டு நிரப்பிப் பாருங்கள், என்ன வருகிறது என்று. எட்டும் நிறைந்துவிட்டது. ஆச்சிக்குத் தேவையான முக்கியமான சொல்லும் காசுக் குறியும் ஒரே திரையில்!

அறிவியல் கண்காட்சிகளுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை. தானாக மூடும் தண்ணீர்த் தொட்டி, மழை வந்தால் மணியடிக்கும் கொடிக்கயிறு என்று பிரமாதமாகச் செய்கிறீர்கள். ஆனால், திரையில் மட்டும் ஆங்கிலத்தில் 'வெல்கம்'. ஏன் என்று கேட்டால், ''புரோகிராமில் அப்படித்தான் சார் இருந்தது'' என்கிறீர்கள். யாரோ எழுதியதை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள்! பல பள்ளிகளில் இப்போது அடல் டிங்கரிங் லேப் இருக்கிறது. ஆர்டுயினோ பலகை இருக்கிறது. திரையின் விலையும் ஓரிரு நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆர்டுயினோவில் இந்த எட்டு எண்களைச் சிப்புக்கு அனுப்ப ஒரே ஒரு கட்டளை போதும். உங்கள் கம்ப்யூட்டர் ஆசிரியரிடம் 'கிரியேட் கேர்' என்று கேட்டால் காட்டிக் கொடுப்பார்.

லேப் இல்லாத பள்ளியா? கவலையில்லை. மின்சாரமே வேண்டாத பகுதிதான் இதில் முக்கால்வாசி. பென்சிலும் கட்ட நோட்டும் இருந்தால், 'வெப்பம்', 'தண்ணீர்', 'நிறுத்து', 'பால்' என்று ஒவ்வொரு சொல்லாக எழுதி, எத்தனை அறை ஆகிறது என்று எண்ணலாம். நான்கு பேர் சேர்ந்து, ஆளுக்குச் சில எழுத்து எனப் பிரித்துக்கொண்டால், ஒரு மாதத்தில் உங்கள் வகுப்புக்கென்று ஒரு புள்ளித் தமிழ் நோட்டு தயார். யாருக்குத் தேவையோ, அவர் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளட்டும்.

அழகு வருமா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன். எல்லா எழுத்தும் அழகாக வராது. நான் வரைந்த 'ன்' கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் 'ன்'. என் அண்ணன் மகள் அதைப் பார்த்துவிட்டு, ''இது என்ன சித்தப்பா, மூக்குக் கண்ணாடி போட்ட நண்டா?'' என்றாள். 'ங்' அதைவிட மோசம். உச்சிப் புள்ளிக்கும் இடைவெளிக்கும் இரண்டு வரிசை போனால், மிச்சம் ஆறு வரிசைதான். அதற்குள் அந்த மடக்கலையெல்லாம் எங்கே போடுவது? மூன்று முறை அழித்து வரைந்ததில், என் தாள் ஓட்டையானதுதான் மிச்சம்.

அவள் இப்போது பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். புள்ளியை நடுவில் வைக்காமல், வலது மூலைக்குத் தள்ளினால் ஒரு வரிசை மிச்சமாகும் என்கிறாள். எனக்கு அது தோன்றவே இல்லை!